டிங்கிள் ஊரில் மூன்று நாள்: வயதான பெற்றோருடன், சொந்த வண்டி இல்லாமல்

இளவேனில் (டப்ளின்), மார்ச் 9

அனைவருக்கும் வணக்கம். நான் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் வேலை பார்க்கிறேன். வரும் மே மாத நடுவில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து முதன்முறையாக இங்கே வருகிறார்கள். அவர்களை மேற்குக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று நாள்கள் தங்கவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கெர்ரி கவுன்ட்டியில் உள்ள டிங்கிள் ஊரை அலுவலகத்தில் பலரும் சொல்கிறார்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நடப்பதில் சிக்கல் இல்லை, படிக்கட்டுதான் பகை. அம்மா சைவம். இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு இங்கே குடியேறியவர்கள் ஓராண்டுக்கு மேல் வண்டி ஓட்ட முடியாது என்பதாலும், ஐரிஷ் உரிமத்துக்கான தேர்வை நான் இன்னும் முடிக்கவில்லை என்பதாலும், ரயிலையும் பேருந்தையும் நம்பித்தான் போக வேண்டும். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரில் மூன்று நாள்கள் செலவிடுவது மிகையா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலர்விழி (கார்க்), மார்ச் 9

வணக்கம் தம்பி. நான் பதினான்கு ஆண்டுகளாகக் கார்க்கில் செவிலியராக இருக்கிறேன். டிங்கிளுக்கு எத்தனை முறை போனேன் என்று எண்ணி வைக்கவில்லை. மூன்று நாள் மிகை இல்லை. மே மாதத்தைத் தேர்ந்ததும் நல்லது, ஏனென்றால் இத்தீவில் ஒப்பளவில் மழை குறைந்த மாதங்களில் அதுவும் ஒன்று. இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆயினும் மழைச்சட்டை இல்லாமல் யாரும் கிளம்பாதீர்கள். டிங்கிள் விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் வாலன்ஷியா வானிலை நிலையத்தில் ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாகிறது. அது ஒரு பருவத்தில் கொட்டித் தீர்க்கும் மழை அன்று, ஆண்டு முழுவதும் தூறித் தூறிச் சேரும் மழை.

வழி எளிது. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து டிராலிக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். பெரும்பாலான வண்டிகளுக்கு மாலோ நிலையத்தில் மாற வேண்டும். டிராலியில் ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம் இருப்பதால் அம்மாவுக்கு அலைச்சல் இராது. அங்கிருந்து 275ஆம் எண் பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் டிங்கிளில் இறக்கிவிடும். ஒரு நாளில் ஓடும் வண்டிகள் சிலவே. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஆகவே முதலில் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ரயிலைப் பதிவு செய்யுங்கள். அந்த டிராலி நிலையத்துக்குக் கேஸ்மென்ட் நிலையம் என்று பெயர். 1916 ஏப்ரலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பக்கத்திலுள்ள பானா கடற்கரையில் இறங்கிப் பிடிபட்டு, அதே ஆண்டு தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மென்ட்டின் பெயர்தான் அது. காத்திருக்கும் நேரத்தில் அப்பாவிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போதே தரைத்தள அறை வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், மின்தூக்கி இராது.

ஆதவன் (லிமரிக்), மார்ச் 10

நான் சற்று மாறுபடுகிறேன். பெற்றோர் வருவது ஒரே முறையாக இருக்கலாம். மூன்று நாள்களையும் ஒரே தீபகற்பத்தில் செலவிடுவதைவிடக் கில்லார்னியில் தங்குவது மேல். அங்கே ரயிலே ஊருக்குள் வருகிறது. ஏரிகள், தேசியப் பூங்கா, மக்ராஸ் மாளிகை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் டிங்கிளையும் மறுநாள் கெர்ரி வளையச் சாலையையும் பார்த்துவிடலாம். நான் அப்படித்தான் டிங்கிளைப் பார்த்தேன். வண்ண வண்ணக் கடைகள், துறைமுகம், ஒரு பனிக்கூழ், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிட்டது.

நெய்தல் (கால்வே), மார்ச் 10

ஆதவன் சொல்வது அவர் பார்த்த அளவில் சரியே. இரண்டு மணி நேரம் நிற்கும் வண்டியில் போனால் டிங்கிள் அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரின் சிறப்பு கடைத்தெருவில் இல்லை. ஊரிலிருந்து மேற்கே போகப் போக அது தொடங்குகிறது, சாலையோரப் பலகைகளிலிருந்து ஆங்கிலம் மறைவதிலிருந்தே அதை உணரலாம்.

டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி, ஐரிஷ் மொழி இன்றும் வீட்டு மொழியாக வழங்கும் சில நிலத்துண்டுகளில் ஒன்று. அப்பகுதிகளைக் கேல்டாக்ட் என்பார்கள். நாடு முழுவதும் பள்ளியில் கட்டாயப் பாடமாக இருந்தும், நாட்டின் முதல் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டும், அன்றாடப் பேச்சில் அம்மொழி இத்தகைய ஓரங்களில்தான் உயிரோடு இருக்கிறது. நண்பர் இளவேனிலின் தந்தை தமிழாசிரியர் என்று படித்ததும் நான் எழுத உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். மொழியோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் அயர்லாந்தில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஊரின் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. ஐரிஷில் 'டாங்கின்' என்றால் அரண், கோட்டை என்று பொருள். 2005இல் நடைமுறைக்கு வந்த ஓர் அரசாணை, கேல்டாக்ட் பகுதி ஊர்களுக்கு ஐரிஷ் பெயர் மட்டுமே சட்டப்படி செல்லும் என்றது. டிங்கிள் 'அன் டாங்கின்' ஆயிற்று, பலகைகளிலிருந்து ஆங்கிலப் பெயர் நீக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகள் வழி தெரியாமல் திண்டாடினார்கள். சிலர் பலகைகளில் பழைய பெயரைத் தாங்களே எழுதினார்கள். 2006இல் ஊர்மக்களிடையே வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்களித்த 1,086 பேரில் 1,005 பேர் இரு மொழிப் பெயரும் வேண்டும் என்றார்கள். 2011இல் சட்டத் திருத்தத்தின் வழியே அது நிறைவேறியது. இதை ஐரிஷுக்கு எதிரான வாக்கு என்று படிப்பது தவறு. அவர்கள் கேட்ட இருமொழி வடிவில் 'டாங்கின் ஈ கூஷ்' என்ற முழு ஐரிஷ் பெயரும் இருந்தது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர், உலகம் அறிந்த பெயரை இழக்க விரும்பவில்லை. தாய்மொழிப் பெயரை மீட்பது நல்ல செயல்தான் என்றாலும், அங்கே வாழ்பவர்களைக் கேளாமல் மேலிருந்து அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம் போன்றது. உங்கள் அப்பாவோடு இதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

அடுத்து, பிளாஸ்கெட் தீவுகள். ஊரிலிருந்து மேற்கே ஸ்லே முனையைச் சுற்றிக்கொண்டு டன்க்வின் போனால், கடலுக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் பெரிய பிளாஸ்கெட் தீவு படுத்திருக்கும். 1916இல் அங்கே நூற்றெழுபதுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். மருத்துவர் இல்லை, பாதிரியார் இல்லை, கடை இல்லை. மீன், ஆடு, உருளைக்கிழங்கு, கரை ஒதுங்கும் மரக்கட்டை ஆகியவற்றைக் கொண்டு வாழ்க்கை நடந்தது. இளையோர் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போனார்கள். மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு பிளாஸ்கெட் குடியிருப்பே உருவாயிற்று. 1946-47 குளிர்காலத்தில் ஓர் இளைஞனுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது, கொந்தளித்த கடலைத் தாண்டி மருத்துவர் வர முடியவில்லை, அவன் இறந்தான். அடுத்த சில மாதங்களில், புயலில் சிக்கி உணவின்றித் தவிக்கிறோம் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தீவிலிருந்து தந்தி போயிற்று. கடைசியில் 1953 நவம்பர் 17 அன்று, எஞ்சியிருந்த 22 பேரையும் கரைக்கு மாற்றும் பணி தொடங்கியது. அவர்கள் குடியேறியது எதிர்க்கரை டன்க்வினில். தாங்கள் விட்டுவந்த வீடுகளை ஒவ்வொரு காலையும் கடலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே அவர்கள் மீதி நாளைக் கழித்தார்கள்.

இவ்வளவு சிறிய தீவு ஐரிஷ் இலக்கியத்துக்குத் தந்த கொடை வியப்பானது. இங்கிலாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் மொழியறிஞர்கள் பேச்சு மொழியைப் படிக்க இங்கே வந்தார்கள். அவர்கள் கொடுத்த ஊக்கத்தில் தீவு மக்களே எழுதத் தொடங்கினார்கள். மீனவர் தோமாஸ் ஓ கிரிஹினின் தன்வரலாறு 1929இல் வெளிவந்தது. கதைசொல்லியான பெக் சேயர்ஸ் தம் வாழ்க்கையை வாயால் சொல்ல, மகன் எழுதிக்கொண்டார். பெக் அம்மையாரின் கல்லறை டன்க்வினில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

டன்க்வினில் உள்ள பிளாஸ்கெட் மையத்தில் இதையெல்லாம் பார்க்கலாம். நீண்ட நடைவழி ஒன்றின் இருபுறமும் தீவு வாழ்க்கை காட்சியாக வைக்கப்பட்டிருக்கிறது; அந்த நடைவழியின் கோடியில் பெரிய கண்ணாடிச் சாளரம், அதற்கு அப்பால் தீவு. அங்கே அரை நாள் ஒதுக்குங்கள். பேருந்துச் சுற்றுலாவில் பெரும்பாலும் அந்த அரை நாள்தான் கிடைக்காது.

இளவேனில் (டப்ளின்), மார்ச் 11

நெய்தல் அவர்களே, உங்கள் பதிவை அப்பாவுக்குத் தொலைபேசியில் அப்படியே படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூன்று நாளும் அங்கேயே இருப்போம்" என்றார். ஆகவே ஆதவன் மன்னிக்க வேண்டும், டிங்கிள் முடிவாகிவிட்டது.

இனி நடைமுறைக் கேள்விகள். பெரிய பிளாஸ்கெட் தீவில் அம்மாவால் இறங்க முடியுமா? வண்டி இல்லாமல் ஸ்லே முனைச் சாலையை எப்படிச் சுற்றுவது? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? ஸ்கெல்லிக் மைக்கேல் தீவும் அங்கேதான் இருக்கிறதா?

மலர்விழி (கார்க்), மார்ச் 11

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்கெல்லிக் மைக்கேல் போகும் படகுகள் பெரும்பாலும் விரிகுடாவின் அந்தப் பக்கம் உள்ள போர்ட்மகியிலிருந்து கிளம்புகின்றன. அங்கே கைப்பிடி இல்லாத 618 கற்படிகள் ஏற வேண்டும். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். வானம் தெளிந்திருந்தால் ஸ்லே முனையிலிருந்தே அதன் கூரிய முனைகள் தெற்கே தெரியும்.

பிளாஸ்கெட் தீவிலும் இறங்குவது கடினம். பெரிய படகு கரையை ஒட்ட முடியாது. சிறு ரப்பர் படகுக்கு மாறி, பாசி படிந்த வழுக்குப் படியில் ஏற வேண்டும். அதன் பிறகு மேட்டு நிலம். இறங்காமல் தீவைச் சுற்றிக் காட்டும் படகுகளும் டிங்கிள், வென்ட்ரி பக்கமிருந்து ஓடுகின்றன. அம்மாவுக்கு அது பொருந்தும். எந்தப் படகானாலும் கடல் இடம் கொடுத்தால்தான் உண்டு. முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். அது நின்றுபோனால் மறுநாளுக்கு மாற்ற வாய்ப்பு இருக்கும்.

ஸ்லே முனைச் சாலை டிங்கிளில் தொடங்கி டிங்கிளிலேயே முடியும் வட்டம், ஏறத்தாழ 47 கிலோமீட்டர். உள்ளூர்க்காரர்கள் சிற்றுந்தில் மூன்று, நான்கு மணி நேரம் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். நீங்கள் மூவர் என்பதால் வாடகைக் காரைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிற்கலாம். எல்லாரும் கடிகாரச் சுற்றில்தான் போவார்கள். சாலை அவ்வளவு குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அந்தத் திசையில் போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம் வரும். அம்மாவை இடப்பக்கச் சாளரத்தில் உட்காரவையுங்கள்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு. காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும், கோழிச்சாறு சேர்த்ததா என்று கேளுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மோரும் சோடா உப்பும் சேர்த்துச் சுடும் பழுப்பு ரொட்டி, கெர்ரி வெண்ணெய், காலையில் ஓட்ஸ் கஞ்சி, மாலையில் ஸ்கோன் எனும் சிறு ரொட்டி என்று அம்மாவுக்கு வேண்டியது கிடைக்கும். ஆனாலும் மூன்றாம் நாள் சோறு தேடும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து, பொடி, ஊறுகாய், அரைக்கிலோ பருப்பு எடுத்துப்போனால் மனக்குறை இராது. அசைவம் சாப்பிடுபவராக இருந்தால், துறைமுகத்தில் அன்று இறங்கிய மீனை அன்றே சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

கதிரேசன் (டிராலி), மார்ச் 13

உள்ளூர்க்காரன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

டிராலியிலிருந்து வரும் பேருந்து அனஸ்கால் என்ற சிற்றூர் வழியே போகும். சன்னலோரம் பாருங்கள், 'தென் துருவ விடுதி' என்ற பெயருள்ள மதுக்கடை தெரியும். அதை 1927இல் திறந்தவர் டாம் கிரீன், அவ்வூர் உழவர் மகன், அன்டார்டிகாவுக்கு ஆய்வுப் பயணத் தலைவர்களான ஸ்காட்டோடு இரு முறையும் ஷாக்கிள்டனோடு ஒரு முறையும் போனவர். 1912இல் உடன் வந்த அதிகாரி நடக்க முடியாமல் சாகக் கிடந்தபோது, கூடாரமும் இல்லாமல் கையில் சில பிஸ்கட்டும் சாக்லேட்டும் மட்டும் வைத்துக்கொண்டு, பனியில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தனியாக நடந்து உதவி கொண்டுவந்து அவர் உயிரைக் காத்தார். ஊருக்குத் திரும்பிய பின் அதைப் பற்றி அவர் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. 1938இல் இறந்தார். இன்று மதுக்கடைக்கு எதிரே அவர் சிலை நிற்கிறது, கைகளில் இரண்டு நாய்க்குட்டிகளுடன்.

கான்னர் கணவாய் தீபகற்பத்தைக் குறுக்கே கடக்கும் மலைச் சாலை. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை என்பதால் பேருந்து போகாது. வாடகைக் கார் போகும். உச்சியில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே வடக்கே பிராண்டன் விரிகுடாவும் தெற்கே டிங்கிள் துறைமுகமும் தெரியும் என்பதால் அம்மா ஓர் அடிகூட ஏற வேண்டியதில்லை. 2024இல் அரசு அந்தக் கணவாய் நிலத்தை வாங்கி, கெர்ரியின் கடலும் கரையும் சேர்ந்த புதிய தேசியப் பூங்காவில் இணைத்தது. மேகம் இறங்கியிருந்தால் மட்டும் போகாதீர்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

அப்பா நடப்பார் என்றால் துறைமுக வாயிலுக்கு அருகே உள்ள கலங்கரை விளக்கம் வரை கரையோரப் பாதையில் அழைத்துப்போங்கள். எதிரே குன்றின்மேல் ஈஸ்க் கோபுரம் தெரியும். 1847இல், பெரும் பஞ்சக் காலத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக எழுப்பப்பட்ட கற்கோபுரம் அது. கடலிலிருந்து பார்த்தால் டிங்கிள் துறைமுகத்தின் வாய் கண்ணுக்குத் தெரியாது. கோபுரத்தில் பொருத்திய மரக்கை மாலுமிகளுக்கு வழி காட்டியது. அழகான காட்சி என்று மட்டும் எண்ணி அதைக் கடந்துபோக என்னால் முடிந்ததில்லை.

ஃபங்கி என்ற ஓங்கிலை (டால்பினை)ப் பற்றியும் கேட்பீர்கள். 1983 முதல் துறைமுகத்தில் தனியாக வாழ்ந்து, படகுகளோடு விளையாடி, ஊரின் அடையாளமாகவே ஆன அது 2020 அக்டோபருக்குப் பிறகு காணப்படவில்லை. துறைமுகத்தில் அதன் வெண்கலச் சிலை இருக்கிறது.

நெய்தல் (கால்வே), மார்ச் 13

கதிரேசன் ஐயாவுக்கு நன்றி. அப்பாவுக்காக இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று காலரஸ் கல்கோயில், மற்றொன்று அதற்கு அருகிலேயே உள்ள கில்மால்கேடர். இரண்டாவது இடத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் முற்றத்தில் ஓகம் என்னும் பண்டைய ஐரிஷ் எழுத்துப் பொறித்த கல் ஒன்று நிற்கிறது. கல்லின் விளிம்பையே கோடாகக் கொண்டு, அதன் இருபுறமும் வெட்டிய கீற்றுகளே எழுத்துகள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அயர்லாந்திலேயே இத்தகைய கற்கள் மிகுந்திருப்பது கெர்ரியில்தான். பெரும்பாலானவற்றில் 'இன்னாரின் மகன் இன்னார்' என்பதற்கு மேல் ஒன்றும் இராது. நம் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இரண்டொரு சொற்களும் கற்றுக்கொண்டு போங்கள். நலம் கேட்க 'குனஸ் டீ', நன்றி சொல்ல 'கு ரெவ் மஹ் அகத்'. அது கெர்ரிப் பக்க ஒலிப்பு. பள்ளியில் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

இளவேனில் (டப்ளின்), மே 24

போய்வந்துவிட்டோம். உங்கள் அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்பதால் நடந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குறை. தரைத்தள அறை என்று எழுத்தில் உறுதி வாங்கியிருந்தும், போய் இறங்கியபோது மாடியறைதான் இருந்தது. பதினாறு படிகள். நான் வாங்கி வைத்திருந்த மின்னஞ்சலைக் காட்டிய பிறகு மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த முதல் இரவு அம்மா பட்ட வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. மலர்விழி அக்கா சொன்னபடி எழுத்தில் வாங்கியிருக்காவிட்டால் மூன்று நாளும் அப்படியே போயிருக்கும்.

முதல் நாள் படகு இல்லை. வானம் நீலமாக இருந்தது, காற்றும் இல்லை, ஆனாலும் வெளிக்கடலில் அலை எழும்பியிருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் நாளும் நின்றது. ஆகவே தீவை நாங்கள் கரையிலிருந்துதான் பார்த்தோம். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. டன்க்வின் படகுத்துறைக்குப் போனபோது அது கொஞ்சம் தணிந்தது. செங்குத்தான பாறையில் வளைந்து வளைந்து இறங்கும் சிமென்ட் பாதையின் மேல் முனையில் நின்று கீழே பார்த்தோம். மேலிருந்து பார்க்க அமைதியாகத் தெரிந்த நீர், துறையில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தார் பூசிய துணியை மரச்சட்டத்தின்மேல் போர்த்திய நேவோக் படகில், மே மாதத்திலேயே இப்படி இருக்கும் கடலை அவர்கள் சனவரியில் கடந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. மருத்துவர் ஏன் வர முடியவில்லை என்று அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

பிளாஸ்கெட் மையத்தில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். அப்பா தீவு எழுத்தாளர்களின் பகுதியில் ஒவ்வொரு பலகையையும் படித்தார். அங்கே வேலை செய்த ஒரு பெரியவரிடம் நான் எழுதிக் கொடுத்திருந்த 'குனஸ் டீ'யைச் சொன்னார். அவர் முகம் மலர்ந்து ஐரிஷில் கடகடவென்று ஏதோ சொன்னார், எங்களுக்குப் புரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில், எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். இரண்டாவது கேள்வியை இந்த நாட்டில் என்னை யாரும் கேட்டதில்லை. அப்பா தமிழைப் பற்றிச் சொல்ல, அவர் தம் பேரப்பிள்ளைகள் வீட்டில் ஐரிஷ் பேசுவதைப் பற்றிச் சொல்ல, இருவரும் அந்தச் சாளரத்தருகே நின்றபடி இருபது நிமிடம் பேசினார்கள். கார் ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். அடுத்த இடத்துக்கு விரட்ட யாரும் இல்லை என்பதே பெரிய பேறாகத் தோன்றியது.

காலரஸ் கோயிலில் மழை பிடித்துக்கொண்டது. கவிழ்த்த படகு போன்ற அந்தச் சிறு கட்டடத்துக்குள் நாங்கள் மூவரும் நுழைந்தோம். உள்ளே ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு கை அகலச் சாளரம். ஒவ்வொரு கல்லையும் வெளிப்புறம் சற்றுச் சாய்த்து அடுக்கியிருப்பதால் நீர் வெளியே வழிந்துவிடுகிறது. எட்டாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். எப்படியானாலும் பல நூற்றாண்டு மழைக்குப் பிறகு, அன்று எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

கில்மால்கேடர் ஓகம் கல்லின் உச்சியில் ஒரு துளை இருக்கிறது. அதில் விரலை வைத்து வாக்குக் கொடுப்பது பழைய வழக்கமாம். அப்பா கல்லின் விளிம்பைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிக்கொண்டே போனார், மாணவரின் விடைத்தாளைத் திருத்துவது போன்ற அதே கவனத்தோடு.

இரவில் ஊருக்குள் ஒரு மதுக்கடைக்குப் போனோம். அம்மா வாழ்நாளில் அப்படி ஓர் இடத்துக்குள் கால் வைத்ததில்லை. பழச்சாறு குடித்தால் போதும், பாட்டுக் கேட்கத்தான் என்று சொல்லி அழைத்துப்போனேன். ஒரு பக்கம் ஆணி, சுத்தியல், வண்ணப்பூச்சு விற்கும் இரும்புக்கடை, மறுபக்கம் மதுமேடை. மூலையில் ஒருவர் ஃபிடிலும் இன்னொருவர் துருத்தி இசைக்கருவியும் வாசித்தார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பேசிக்கொண்டிருந்த கூட்டம், ஒரு முதியவர் ஐரிஷில் துணைக்கருவி இல்லாமல் பாடத் தொடங்கியதும் அடங்கிவிட்டது. பாட்டு முடிந்தபோது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. என்ன பொருள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்; கடலில் போன மகன்களைப் பற்றித் தாய் பாடுவது என்றார்.

கான்னர் கணவாயை மேகம் மூடியிருந்ததால் கதிரேசன் ஐயா சொன்னபடி போகவில்லை.

ஆதவன் (லிமரிக்), மே 25

படித்தேன். நான் டன்க்வினில் இறங்கவே இல்லை என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் வண்டி ஸ்லே முனையில் பத்து நிமிடம் நின்றது, படம் எடுத்தோம், கிளம்பிவிட்டோம். ஆகஸ்டில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போகலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் நீந்தக் கடற்கரை இருக்கிறதா?

கதிரேசன் (டிராலி), மே 25

வென்ட்ரி கடற்கரைக்குப் போங்கள். விரிகுடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் அலை அடங்கியிருக்கும். இன்ச் கடற்கரை ஐந்து கிலோமீட்டர் நீளம், ஓடி விளையாட ஏற்றது. ஆனால் ஸ்லே முனைக்கு அடுத்து வரும் கூமினூல் கடற்கரையிலும், டன்க்வினைத் தாண்டிய க்ளோகர் கடற்கரையிலும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். இரண்டும் கண்ணைப் பறிக்கும் அழகு, இரண்டிலும் அடிநீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. வெயில் அடிக்கும் நாளில் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆகஸ்டில் சாலையோர வேலியெல்லாம் ஃபியூஷியா சிவப்பாகப் பூத்திருக்கும். தங்குமிடத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

இளவேனில் (டப்ளின்), மே 26

ஆதவன், ஒன்று சேர்க்கிறேன். படகுக்கு ஒரு நாளை மட்டும் நம்பாமல் மூன்று நாளும் காலை நேரத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் கடல் அடங்கியது. ஆனால் எங்கள் பேருந்து அன்று முற்பகலிலேயே. நிலையத்தில் காத்திருந்தபோது தீவுப் படகு ஒன்று துறைமுக வாயைத் தாண்டி வெளியே போவதை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா அதற்குள் அடுத்த ஆண்டு சூன் மாதத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்.